பூட்டு காந்தஹாரில்: ஆப்கன் பெண்கள் விஷயத்தில் உலகம் என்ன செய்தது?

2022 மார்ச் 23, புதன்கிழமை. காபூலில் பள்ளிகள் திறந்தன. ஏழு மாதமாக வீட்டில் முடங்கியிருந்த உயர்நிலைப் பள்ளி மாணவிகளும் அன்று வரலாம் என்று கல்வி அமைச்சகமே முன்கூட்டி அறிவித்திருந்தது. பிள்ளைகள் வந்தார்கள். அதைப் படம் பிடிக்க வெளிநாட்டுச் செய்தியாளர்களும் வந்திருந்தார்கள். சில மணி நேரம்தான். ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஷரியாவுக்கும் ஆப்கன் பண்பாட்டுக்கும் ஏற்றபடி ஒரு திட்டம் தயாராகும் வரை, மறு அறிவிப்பு வரும் வரை, பள்ளி இல்லை. புத்தகப் பையுடன் அழுதுகொண்டே வெளியேறிய பிள்ளைகளின் படங்கள் அன்று மாலைக்குள் உலகம் முழுக்கப் போய்விட்டன.

காபூல் தாலிபானிடம் வீழ்ந்த 2021 ஆகஸ்ட் 15-ஐ விட்டுவிட்டு இந்த நாளில் தொடங்கக் காரணம் உண்டு. அமைச்சர்கள் திறக்கிறோம் என்றார்கள், பள்ளி மூடியது. நடுவில் நடந்தது தெற்கு நகரமான காந்தஹாரில் ஒரு கூட்டம். தாலிபான் அமைப்பின் தலைவர் ஹிபத்துல்லா அகுந்த்ஸாதா இருப்பது தலைநகரில் அல்ல, அங்கேதான். 2016-இல் தலைமைக்கு வந்தவர். வெளியே தெரிந்த புகைப்படமே ஒன்றிரண்டுதான். வெளிநாட்டுத் தூதர்களைப் பார்ப்பது மிக அரிது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்று நம் ஊரில் சொல்வோம். இங்கே அது தலைகீழ். காபூலில் இருக்கும் பூசாரிகளில் பலர் தலையாட்டுகிறார்கள், சாமி இறங்குவதாக இல்லை. நான்கு வருட சர்வதேச நடவடிக்கைகளை வரிசையாகப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை பூசாரியிடம் நடத்திய பேரமாகவே தெரிகின்றன.

முன்கதை

தாலிபானின் முதல் ஆட்சி 1996 முதல் 2001 வரை. அப்போது அதை அங்கீகரித்தவை பாகிஸ்தான், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்றே நாடுகள். 1997 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையர் எம்மா போனினோ காபூலுக்குப் போனபோது, மருத்துவமனையில் பெண்களைப் படம் எடுத்ததற்காக அவருடைய குழுவையே சில மணி நேரம் பிடித்து வைத்தார்கள். அடுத்த ஆண்டு மகளிர் தினத்தை ஒட்டி ‘காபூல் பெண்களுக்கு ஒரு மலர்’ என்ற இயக்கத்தை அவர் நடத்தினார். அதே 1998-இல் ஐநா தாலிபானோடு ஓர் ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டது. பெண்களுக்குக் கல்வியும் மருத்துவமும் படிப்படியாகத்தான் கிடைக்க வேண்டியிருக்கும் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்ததால் பெண்கள் அமைப்புகள் கொதித்தன. மலர் ஒரு கையில், படிப்படி என்ற சொல் இன்னொரு கையில். இந்த இரட்டைப் போக்குக்கு வயது இருபத்தைந்துக்கு மேல்.

2001-க்குப் பிறகு நிலைமை மாறியது. 2003 மார்ச்சில், பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாட்டையும் ஒழிக்கும் ஐநா உடன்படிக்கையை ஆப்கானிஸ்தான் எந்த விலக்கும் கேட்காமல் ஏற்றது. அதே ஆண்டு சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனத்திலும் சேர்ந்தது. 2004 அரசியலமைப்பு ஆணும் பெண்ணும் சட்டத்தின் முன் சமம் என்றது, நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு இடம் ஒதுக்கியது. கிராமப்புறத்தில், போர் நடந்த மாவட்டங்களில் இதெல்லாம் எவ்வளவு எட்டியது என்பது வேறு கதை. ஆனால் அந்த இரண்டு கையெழுத்துகளும் பிற்பாடு நீதிமன்றங்களில் உதவின.

அப்புறம் 2020 பிப்ரவரி 29. கத்தார் தலைநகர் தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். துருப்புகள் எப்போது வெளியேறும், கைதிகள் எத்தனை பேர் விடுதலை ஆவார்கள், தடைகள் எப்போது நீங்கும் என்று எல்லாம் இருக்கிறது. பெண்கள் என்ற சொல் அதில் ஒரு இடத்தில்கூட இல்லை. பின்னால் வந்த கண்டன அறிக்கைகளை எல்லாம் இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அமெரிக்காவிடம் பேரம் பேசச் சரக்கு இருந்த ஒரே நேரம் அதுதான்.

உத்தரவுகள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 செப்டம்பரில் மகளிர் விவகார அமைச்சகக் கட்டடத்தின் பெயர்ப்பலகை இறங்கியது, அங்கே நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் அமைச்சகம் குடியேறியது. 2022 மே மாதம் முகத்தை மூட உத்தரவு. நவம்பரில் பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் பொதுக் குளியலறையும் போயின. டிசம்பர் 20 பல்கலைக்கழகம். நான்கே நாள் கழித்து, தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை செய்யத் தடை. 2023 ஏப்ரலில் அந்தத் தடை ஐநா அலுவலகங்களுக்கும் நீண்டது. ஜூலையில் அழகு நிலையங்கள். எதிர்த்துத் தெருவுக்கு வந்த பெண்கள் மீது தண்ணீரைப் பீய்ச்சினார்கள். 2024 ஆகஸ்டில் 35 பிரிவுகள் கொண்ட ஒழுக்கச் சட்டம் வந்தது. பெண்ணின் குரலும் வெளியே கேட்கக் கூடாத ஒன்று என்று எழுத்திலேயே வந்துவிட்டது.

2024 டிசம்பர் உத்தரவில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். பெண்கள் செவிலியர், மகப்பேறு உதவியாளர் பயிற்சி பெறுவதும் நின்றது. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பார்ப்பதையே பல இடங்களில் கட்டுப்படுத்தும் ஓர் ஆட்சி, பெண் மருத்துவப் பணியாளர்கள் உருவாகும் கடைசி வழியையும் அடைத்தது. பிரசவ மரணம் ஏற்கனவே உலகின் மிக மோசமான அளவில் இருக்கும் நாட்டில் இதன் விளைவைக் கணக்கிட நிபுணர் தேவையில்லை. கிரிக்கெட் வீரர் ரஷீத் கான் வெளிப்படையாக மறுபரிசீலனை கேட்டார். உத்தரவு அப்படியே நின்றது.

மேல்நிலைக் கல்வி இழந்த சிறுமிகள் 22 லட்சம் என்பது 2025 மார்ச்சில் யுனிசெஃப் தந்த கணக்கு.

பணம்

முதலில் கையில் எடுத்த ஆயுதம் பணம். அதற்குக் காரணமும் இருந்தது. 2021-க்கு முன் ஆப்கன் அரசுச் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெளிநாட்டு உதவியில் ஓடியது. காபூல் வீழ்ந்ததும் நியூயார்க்கில் இருந்த ஆப்கன் மத்திய வங்கியின் சுமார் 700 கோடி டாலரை அமெரிக்கா முடக்கியது. 2022 மார்ச்சில் பள்ளிகள் மூடியதும் உலக வங்கி 60 கோடி டாலர் மதிப்புள்ள திட்டங்களை நிறுத்தி வைத்தது. தோஹாவில் நடக்கவிருந்த கூட்டங்களை அமெரிக்கா ரத்து செய்தது.

விளைவு? பள்ளிகள் திறக்கவில்லை. வங்கியில் பணம் எடுக்க முடியாமல் தவித்தவர்களில் பெண்கள் நடத்தும் சிறு தொழில்களும் உண்டு, சம்பளம் நின்ற ஆசிரியைகளும் உண்டு. முடக்கிய பணத்தில் பாதி, 350 கோடி டாலர், பின்னர் சுவிட்சர்லாந்தில் ஒரு தனி நிதியத்துக்குப் போனது. பசியால் ஒரு நாடு வாடும்போது நிதி நெருக்கடி ஆட்சியாளரை எட்டுவதற்கு முன் அடுப்படியை எட்டிவிடுகிறது. காந்தஹாரில் இருப்பவருக்கோ உலக வங்கித் திட்டம் நின்றது கவலையே இல்லை. வெளிநாட்டுப் பணம் வந்தால் வெளிநாட்டு நிபந்தனையும் வரும் என்று நினைப்பவரை, பணத்தை நிறுத்துவேன் என்று எப்படி மிரட்டுவது?

ஆட்களைக் குறிவைத்த தடைகள் இதைவிடக் கூர்மையானவை. ஐநா பயணத் தடையிலிருந்து சில தலைவர்களுக்கு விலக்கு இருந்தது, பேச்சுவார்த்தைக்குப் போய்வர வசதியாக. 2022 ஜூனில் கல்வித் துறையைச் சேர்ந்த இருவரை அந்த விலக்குப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஆகஸ்டில் மற்ற பதின்மூன்று பேருக்கும் விலக்கு காலாவதியானது. பாதுகாப்பு மன்ற உறுப்பினர்களுக்குள் ஒத்த கருத்து வரவில்லை. 2023 மார்ச் 7-இல், மகளிர் தினத்துக்கு முந்தைய நாள், உயர்கல்வி அமைச்சர் நெதா முகமது நதீமையும் ஒழுக்க அமைச்சர் முகமது காலித் ஹனஃபியையும் ஐரோப்பிய ஒன்றியம் தடைப்பட்டியலில் சேர்த்தது. பெண்கள் மீதான ஒடுக்குமுறையையே காரணமாகச் சொன்ன தடை அது. அறம் சரி. ஆனால் பாரிஸில் வீடு வாங்கும் திட்டம் அவர்கள் இருவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

இருப்பதா, போவதா

இந்த விஷயத்திலேயே மனசாட்சியை அதிகம் பிசைந்த பகுதி இதுதான்.

2022 டிசம்பர் 24 தடை வந்த மறுநாளே நார்வே அகதிகள் மன்றம், கேர், சேவ் த சில்ட்ரன் ஆகிய தொண்டு நிறுவனங்கள் மூன்றும் சேர்ந்து, பெண் ஊழியர்கள் இல்லாமல் எங்களால் வேலை செய்ய முடியாது என்று பணிகளை நிறுத்தின. இது வெறும் கொள்கைப் பிடிவாதம் இல்லை, வேலை நடக்கும் விதமே அப்படி. ஆப்கன் வீட்டுக்குள் அந்நிய ஆண் போய், இந்த வீட்டில் எத்தனை பேர், குழந்தைக்கு எத்தனை வேளை சாப்பாடு என்று ஒரு விதவையிடம் கேட்க முடியாது. பெண் ஊழியர் போனால்தான் பட்டியலில் அந்தப் பெயர் ஏறும். பெண் ஊழியர் இல்லை என்றால் கோதுமை மூட்டை வந்தாலும் அவள் வரிசையில் இருக்கமாட்டாள்.

ஜனவரியில் ஐநா துணைப் பொதுச்செயலாளர் அமினா முகமது காபூலுக்கும் காந்தஹாருக்கும் போனார். அவர் ஒரு முஸ்லிம் பெண், அதற்கொரு பொருள் உண்டு என்று எல்லோரும் எண்ணினார்கள். காந்தஹாரில் அவரைச் சந்தித்தது துணை ஆளுநர் மட்டத்தில். அதற்கு மேல் கதவு திறக்கவில்லை. இந்த முயற்சிகளுக்கு நடுவே சுகாதாரத்திலும் தொடக்கக் கல்வியிலும் பெண்கள் வேலை செய்யலாம் என்று எழுதப்படாத விலக்குகள் கிடைத்தன. மாகாணத்துக்கு மாகாணம், மாவட்டத்துக்கு மாவட்டம், உள்ளூர் அதிகாரியின் மனநிலைக்கு ஏற்ப. நிறுத்திய நிறுவனங்கள் அந்த இடுக்குகள் வழியே திரும்பி வந்தன.

ஏப்ரலில் தடை ஐநாவின் மேலேயே விழுந்தது. ஐநாவில் வேலை செய்த ஆப்கன் பெண்கள் ஏறத்தாழ 400 பேர். ஐநா தன் ஆப்கன் ஊழியர்களை, ஆண்களையும் சேர்த்தே, அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்றது. பெண் இல்லாமல் ஆணை மட்டும் வைத்து நடத்துவதில்லை என்ற நிலைப்பாடு. ஏப்ரல் 27-இல் பாதுகாப்பு மன்றம் அந்தத் தடையைக் கண்டிக்கும் 2681-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. சீனாவும் ரஷ்யாவும்கூட கை தூக்கிய அபூர்வம் அது. ஐநா வளர்ச்சித் திட்டத்தின் தலைவர், தேவைப்பட்டால் மே மாதம் வெளியேறவும் வேண்டியிருக்கலாம் என்று கனத்த மனதோடு பேசியிருந்தார். மே வந்தது. ஐநா வெளியேறவில்லை. பெண்கள் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள்.

வெளியேறியிருக்க வேண்டுமா? நான் பலமுறை யோசித்து, ‘இல்லை’ என்ற பக்கமே வந்து நிற்கிறேன். பட்டினியில் இருப்பவரிடமிருந்து தட்டைப் பிடுங்கி ஆட்சியாளருக்குப் பாடம் நடத்த முடியாது. ஆனால் வெளியேறுவேன் என்று சொல்லிவிட்டு வெளியேறாமல் இருப்பது, சொல்லாமலே இருப்பதைவிட மோசம். எதிர்த் தரப்பு அதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளும். 2025 செப்டம்பரில் ஐநா வளாகங்களின் வாசலிலேயே ஆயுதக் காவலர்களை நிறுத்தி ஆப்கன் பெண் ஊழியர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கிழக்கு மாகாணமான குனாரை நிலநடுக்கம் உலுக்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, பெண் மருத்துவர்களும் மீட்புப் பணியாளர்களும் மிகவும் தேவைப்பட்ட நேரம் அது.

தோஹாவின் நாற்காலிகள்

2023 மே மாதம் ஐநா பொதுச்செயலாளர் குட்டெரெஸ் தோஹாவில் நாடுகளைக் கூட்டினார். தாலிபானுக்கு அழைப்பு இல்லை. 2024 பிப்ரவரியில் அழைப்பு இருந்தது. ஆப்கானிஸ்தானின் ஒரே பிரதிநிதி நாங்கள்தான், மற்ற ஆப்கானியர் மேசையில் இருக்கக் கூடாது என்று அவர்கள் நிபந்தனை போட்டார்கள். குட்டெரெஸ் ஏற்க முடியாது என்றார், அவர்கள் வரவில்லை. இதுவரை சரி.

ஜூன் 30-இல் மூன்றாவது கூட்டம். இம்முறை தாலிபான் வந்தது. மேசையில் ஆப்கன் பெண் ஒருவர்கூட இல்லை. நிகழ்ச்சி நிரலில் பெண் உரிமை இல்லை. போதைப்பொருள் ஒழிப்பும் தனியார் துறையும் இருந்தன. பெண்களையும் சிவில் அமைப்புகளையும் கூட்டம் முடிந்த பிறகு, ஜூலை 2-ஆம் தேதி, தனியாகச் சந்தித்தார்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு அழைப்பது போல. தலைமை தாங்கிய ஐநா அதிகாரி ரோஸ்மேரி டிகார்லோ, பெண்கள் பிரச்சினையை எல்லா அமர்விலும் எழுப்பினோம் என்றார். எழுப்பியிருப்பார்கள், நம்புகிறேன். ஆனால் பிப்ரவரியில் ஏற்க முடியாததாக இருந்த நிபந்தனை நான்கு மாதத்தில் நடைமுறையாகிவிட்டது. வந்து உட்கார்ந்த தூதுக்குழுவுக்கோ, பள்ளி பற்றி முடிவெடுக்க அதிகாரமே கிடையாது.

2023 மே மாதத்தில் கத்தார் பிரதமர் காந்தஹாருக்கே போய் ஹிபத்துல்லாவைச் சந்தித்ததாக ராய்ட்டர்ஸ் செய்தி வந்தது. வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் அவரை நேரில் பார்த்ததாக வெளியே வந்த முதல் செய்தி அது. பேசியவற்றுள் பெண் கல்வியும் இருந்ததாம். சரியான வாசலைத் தட்டிய மிகச் சில முயற்சிகளில் ஒன்று. அதுவும் ரகசியமாக.

மத வாதத்திலும் குறை வைக்கவில்லை. பல்கலைக்கழகத் தடை வந்ததும் கெய்ரோவின் புகழ்பெற்ற இஸ்லாமியக் கல்வி நிலையமான அல்-அஸ்ஹரின் தலைமை இமாம் அகமது அல்-தய்யிப், இது ஷரியாவுக்கே முரண் என்றார். சவூதியும் துருக்கியும் கத்தாரும் கண்டித்தன. 2025 ஜனவரியில் முஸ்லிம் நாடுகளின் பெண் கல்வி மாநாடு இஸ்லாமாபாத்தில் நடந்தது, மலாலா பேசினார், அழைக்கப்பட்ட தாலிபான் வரவில்லை. அதே மாதம் தாலிபானின் துணை வெளியுறவு அமைச்சர் அப்பாஸ் ஸ்தானிக்ஸாய் கோஸ்த் மாகாணத்தில் ஒரு மதரஸா விழாவில், பெண் கல்வியைத் தடுக்க எந்தச் சாக்கும் இல்லை என்று வெளிப்படையாகப் பேசினார். பிறகு அவர் நாட்டை விட்டு வெளியேறினார். பூசாரி வாய்விட்டால் என்ன ஆகும் என்று மற்றவர்களுக்குத் தெரிந்துகொள்ள அது போதும்.

இரண்டு ஐசிசி

ஐசிசி என்று சொன்னால் இந்த விஷயத்தில் இரண்டு அமைப்புகள். ஒன்று ஹேக் நகரில் இருக்கும் குற்றவியல் நீதிமன்றம். மற்றது துபாயில் இருக்கும் கிரிக்கெட் மன்றம்.

ஹேக் கதை முதலில். 2025 ஜனவரி 23-இல் தலைமை வழக்கறிஞர் கரீம் கான், ஹிபத்துல்லாவுக்கும் தலைமை நீதிபதி அப்துல் ஹகீம் ஹக்கானிக்கும் கைது ஆணை கேட்டார். ஜூலை 8-இல் நீதிபதிகள் ஆணை பிறப்பித்தார்கள். குற்றச்சாட்டு, பாலின அடிப்படையிலான துன்புறுத்தல் என்ற மானுடத்துக்கு எதிரான குற்றம். பெண்களும் சிறுமிகளும் மட்டுமல்ல, அவர்களுக்குத் துணை நின்றவர்கள் என்று கருதப்பட்டவர்களும் பாதிக்கப்பட்டவர்கள் பட்டியலில் வருகிறார்கள். மகளுக்காகக் குரல் கொடுத்து அடி வாங்கிய அப்பாவும் அதில் வரக்கூடும். இது எனக்குப் பிடித்த பகுதி. எல்லாச் சட்ட நடவடிக்கைகளிலும் இது ஒன்றுதான் காந்தஹார் முகவரிக்கு நேராகப் போனது. கஷ்டம் என்னவென்றால், இந்த ஆணை மற்ற நாடுகளுக்குப் பயணம் போகிறவரைப் பிடிக்கத்தான் உதவும். இவர் காபூலுக்கே அபூர்வமாகத்தான் போகிறார்.

இந்த நீதிமன்றத்தின் கையும் முழுச் சுத்தம் இல்லை. ஆப்கானிஸ்தான் விசாரணையில் அமெரிக்கப் படைகள் மீதான குற்றச்சாட்டுகளும் இருந்தன. அதற்காக 2020-இல் அமெரிக்கா அப்போதைய வழக்கறிஞர் மீதே தடை விதித்தது. 2021-இல் பொறுப்புக்கு வந்த கரீம் கான் அந்தப் பகுதியைப் பின்னுக்குத் தள்ளி, தாலிபான் மீதும் ஐஎஸ் கிளை மீதும் கவனம் வைப்பதாக அறிவித்தார். இந்த நீதிமன்றத்தை ஏற்கவே மாட்டோம் என்று தாலிபான் 2025 பிப்ரவரியில் சொன்னபோது, எடுத்துக்காட்ட அவர்களுக்கு இது கிடைத்தது.

இதற்கு இணையாக 2024 செப்டம்பரில் ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, நெதர்லாந்து நான்கும் பெண்கள் உடன்படிக்கையை மீறியதற்காக ஆப்கானிஸ்தானை, நாடுகளுக்கிடையிலான வழக்குகளை விசாரிக்கும் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் நடைமுறையைத் தொடங்கின. அங்கீகரிக்காத அரசு மீது எப்படி வழக்கு என்று கேட்கலாம். வழக்கு நாட்டின் மீது. கையெழுத்திட்டது நாடு, ஆட்சி மாறினாலும் கடமை மாறாது. முதலில் பேச்சு, அப்புறம் நடுவர், அதற்கு ஆறு மாதம், அதன் பிறகே நீதிமன்றம். நிதானமான பாதைதான். ஆனால் அதே ஜெர்மனி 2025 ஜூலை 18-இல் 81 ஆப்கானியர்களை விமானம் ஏற்றித் திருப்பி அனுப்பியது. குற்றத் தண்டனை பெற்ற ஆண்கள் என்றது. அனுப்பும் வேலை எளிதாக நடக்க, தாலிபானின் தூதரக அதிகாரிகள் இருவரை நாட்டுக்குள் ஏற்றுக்கொண்டது.

இன்னொரு சட்ட முயற்சி ஒரு சொல்லைப் பற்றியது. ஆப்கன் பெண் வழக்கறிஞர்களும் செயற்பாட்டாளர்களும் இதை வெறும் பாகுபாடு என்று அழைக்க மறுக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் இனத்தை வைத்து நடந்தது போல, இங்கே பாலினத்தை வைத்து ஒரு முழு அரசமைப்பே கட்டப்பட்டிருக்கிறது, இது பாலின ஒதுக்கல், இதைத் தனிக் குற்றமாக்குங்கள் என்கிறார்கள். மானுடத்துக்கு எதிரான குற்றங்கள் பற்றிய புதிய ஒப்பந்தத்துக்கான பேச்சு 2028, 2029-இல் என்று ஐநாவில் தேதி குறித்திருக்கிறார்கள். 2022-இல் ஏழாம் வகுப்பு வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட சிறுமிக்கு அப்போது இருபது வயதாகிவிடும்.

சரி, துபாய்க்கு வருவோம். முழு உறுப்பினர் ஆக வேண்டுமென்றால் பெண்கள் அணி வேண்டும் என்பது கிரிக்கெட் மன்றத்தின் விதி. ஆப்கானிஸ்தான் 2017-இல் முழு உறுப்பினர் ஆனது. 2020 நவம்பரில் 25 பெண்களுக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அவர்களில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவுக்கு உயிர் தப்பிப் போனார்கள். பெண்கள் அணி இல்லாமல் போனாலும் உறுப்பினர் தகுதி போகவில்லை. ஆஸ்திரேலியா இருதரப்புத் தொடர்களை அடுத்தடுத்துத் தள்ளி வைத்தது, உலகக் கோப்பை போன்ற பல நாட்டுப் போட்டிகளில் மட்டும் ஆடியது. புள்ளிகள் போய்விடும் அல்லவா. 2025 பிப்ரவரி சாம்பியன்ஸ் கோப்பையில் இங்கிலாந்து ஆப்கானிஸ்தானுடன் ஆடக் கூடாது என்று 160-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் அரசியல்வாதிகள் கடிதம் எழுதினார்கள். இங்கிலாந்து லாகூரில் ஆடியது, 8 ரன்னில் தோற்றது.

இதில் என் நிலை தெளிவாக இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். 2023 அக்டோபரில் சேப்பாக்கத்தில் அவர்கள் பாகிஸ்தானை வென்ற இரவு நானும் கைதட்டினேன். அந்த அணி தாலிபானின் அணி இல்லை, பழைய மூவர்ணக் கொடியின் கீழ்தான் ஆடுகிறது. ஆடவர் அணியை வெட்டினால் அந்த நாட்டுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே மகிழ்ச்சியையும் வெட்டுவோம் என்ற வாதமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த 25 பெண்கள் தங்களை அகதி அணியாகவாவது ஏற்கச் சொல்லிக் கேட்டபடி காத்திருந்தார்கள். 2025 ஜனவரி 30-இல் மெல்போர்னில் ஒரு காட்சிப் போட்டியில் முதல்முறையாக ஒன்றாக ஆடினார்கள். ஏப்ரலில்தான் மன்றம் அவர்களுக்கு உதவ ஒரு குழு அமைத்தது. கால்பந்து அமைப்பான ஃபிஃபா அந்த ஆண்டே ஆப்கன் பெண்களின் அகதி அணியை ஏற்று, மொராக்கோவில் ஆட வைத்தது. ஆக, மனம் இருந்தால் வழி இருக்கத்தான் செய்தது.

உண்மையில் ஒரு பெண்ணின் வாழ்க்கையை நேரடியாக மாற்றிய நடவடிக்கை எது என்று கேட்டால், கவனம் அதிகம் பெறாத ஒரு தீர்ப்பைச் சொல்வேன். 2024 அக்டோபர் 4-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஆஸ்திரியாவில் தஞ்சம் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், ஆப்கன் குடியுரிமை, பெண் என்ற இரண்டே போதும், தனித்தனியாக ஆபத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்ற வழியைத் திறந்தது. சுவீடனும் டென்மார்க்கும் அதற்கு முன்பே அப்படி முடிவெடுத்திருந்தன. ஐரோப்பிய எல்லை வரை வந்து சேர்ந்தவருக்கு மட்டும்தான் என்பது அதன் எல்லை. பாகிஸ்தானும் ஈரானும் 2025-இல் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை எல்லை தாண்ட வைத்தபோது, திரும்பிய பெண்களுக்கு இந்தத் தீர்ப்பால் பயன் எதுவும் இல்லை.

அங்கீகாரம் நழுவுகிறது

அங்கீகாரம் கிடைக்காது என்பதுதான் உலகம் கையில் வைத்திருந்த கடைசிச் சீட்டு. 2024 ஜனவரியில் சீனா தாலிபானின் தூதரை முறைப்படி ஏற்றது. ஆகஸ்டில் அமீரகம். 2025 ஜூலை 3-இல் ரஷ்யா இந்த இரண்டாவது ஆட்சிக்கு முழு அங்கீகாரம் அளித்த முதல் நாடானது. நான்கு நாள் கழித்து ஐநா பொதுச்சபையில் பெண்கள் நிலை குறித்தும் கவலை தெரிவித்த தீர்மானம் 116 வாக்குகளில் நிறைவேறியது. அமெரிக்காவும் இஸ்ரேலும் எதிர்த்தன, 12 நாடுகள் வாக்களிக்காமல் விலகின, இந்தியா அதில் ஒன்று. அதற்கு மறுநாள்தான் ஹேக்கின் கைது ஆணை. ஒரே வாரத்தில் மூன்று உலகங்கள்.

அக்டோபரில் தாலிபானின் வெளியுறவு அமைச்சர் அமீர் கான் முத்தகி, ஐநா பயணத் தடையிலிருந்து விலக்குப் பெற்று டெல்லிக்கு வந்தார். அதே வாரம் மாட்ரிட்டில் ஆப்கன் பெண்கள் ஒரு மக்கள் தீர்ப்பாயத்தின் முன் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐநா மனித உரிமை மன்றம் ஆதாரங்களைச் சேகரிக்கத் தனி விசாரணை அமைப்பை ஏற்படுத்தியதும் அந்த வாரமே. டெல்லியில் அக்டோபர் 10-இல் இந்தியா காபூலில் இருந்த தன் தொழில்நுட்பக் குழுவைத் தூதரகமாக உயர்த்துவதாக அறிவித்தது. அன்று மாலை ஆப்கன் தூதரகத்தில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் பெண் செய்தியாளர் யாரும் இல்லை, உள்ளே விடவில்லை. தங்களுக்கு இதில் பங்கில்லை என்றது இந்திய வெளியுறவு அமைச்சகம்.

கண்டனம் வெடித்தது. உடன் வேலை செய்யும் பெண்கள் வெளியே நிற்கும்போது ஆண் செய்தியாளர்கள் எழுந்து போயிருக்க வேண்டாமா என்று பலர் கேட்டார்கள், நியாயமான கேள்வி. இரண்டு நாளில் முத்தகி மறுபடி செய்தியாளர்களைக் கூட்டினார். இம்முறை முன்வரிசை முழுக்கப் பெண்கள். அன்று நடந்தது தொழில்நுட்பக் கோளாறு, நேரம் போதவில்லை என்றார். டெல்லியில் ஒரு நாற்காலிக்காக எழுந்த சத்தம் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பலித்தது. ஏனென்றால் அந்த நாற்காலியைக் கொடுக்கும் அதிகாரம் அவர் கையில் இருந்தது, டெல்லியிடம் அவருக்கு வேண்டியதும் இருந்தது.

அந்த முன்வரிசையிலிருந்து பெண் கல்வி பற்றிக் கேட்டார்கள். அதை மார்க்க விரோதம் என்று நாங்கள் அறிவிக்கவில்லை என்றார் முத்தகி. அடுத்த உத்தரவு வரும் வரை ஒத்திவைத்திருக்கிறோம், அவ்வளவுதான் என்றார். 2022 மார்ச் 23 காலையில் அந்தப் பள்ளி வாசல்களில் சொன்னதும் இதையேதான்.